ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்

1. டோக்கன் இல்லாத லோடு

ஏழுமலையின் போன் வந்தபோது நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் குணசேகரனும் சில கம்ப்யூட்டர்களும். நாங்கள் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்த ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஏழுமலை எடை மேடை கிளார்க். அங்கே சாப்ட்வேர் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் எனக்குத்தான் வரும். கரண்ட் போனால்கூட முதலில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மின்வாரியத்தைக் கேட்பார்கள்.

“மேடம், மலையிலேந்து ஒரு லோடு வந்து நின்னுக்கினு இருக்குது. டோக்கன் இல்லன்னு சிஸ்டம் எடை போட மாட்டேன்னுது. அந்தம்மா கேட்டாண்ட குந்திக்கினு எழுந்திருக்க மாட்டேன்னுது.”

“எப்ப வந்த லோடு?”

“நேத்து சாயந்தரம்.”

“நேத்து வந்ததுக்கு இப்ப சொல்றீங்களே?”

“டோக்கன் இல்லாம வர்றத திருப்பி அனுப்பணும்னுதானங்க மொதலாளி ஆர்டரு. போவச் சொன்னேன். அந்தம்மா போவல.”

டிபன் பாக்ஸை மூடினேன்.

மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். மண்ணுக்குள் இருக்கும்வரை அதற்கு அவசரம் கிடையாது, சில வாரம் தள்ளிப்போனாலும் கிடக்கும். பிடுங்கிவிட்டால் சீக்கிரமே உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். கருத்தால் மாவு குறையும். மாவு எவ்வளவு இருக்கிறது என்பதை ஆலையில் ‘பாயிண்ட்’ பார்த்துச் சொல்வார்கள். விலை எடைக்கு மட்டுமல்ல, பாயிண்டுக்கும் சேர்த்துத்தான். ஆகவே கேட்டில் நிற்க நிற்க அந்த லோடின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி வைத்திருந்தது நாங்கள் எழுதிய சாப்ட்வேர்.

அந்த அம்மாவின் பெயர் சின்னப்பொண்ணு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே, பஸ் போகாத ஊர். சொந்த நிலம் இல்லை. இன்னொருவரின் மேட்டு நிலத்தை, எங்கள் பக்கம் காடு என்போம், குத்தகைக்கு எடுத்துக் கிழங்கு போட்டிருந்தார். இந்தத் தடவை குத்தகையை முழுசாகக் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் காடு வேறு ஆளுக்கு என்று காட்டுக்காரர் சொல்லியிருந்தார். இது எனக்குக் கேட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. சிஸ்டத்தில் அவர் பெயர் இருந்தது. போன் நம்பரைச் சரிபார்த்ததற்கான பச்சை டிக் இருந்தது. நேற்றைய தேதிக்கு டோக்கனும் அனுப்பியிருந்தோம். அதை அவர் ஏற்றுக்கொள்ளாததால் அது தானாக ரத்தாகியிருந்தது. சிஸ்டத்தைக் கேட்டால் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது.

2. எந்த மொழி என்ற சண்டை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த இளையவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

அந்த ஆலைக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது எடை மேடைக்கான சின்ன புரோகிராம். விஷுவல் பேசிக்கில் எழுதினேன். எடை மேடையில் இருக்கும் இண்டிகேட்டர் பெட்டி ஒரு கேபிள் வழியாக எடையை அனுப்பும், புரோகிராம் அதைப் படித்து பில் அடிக்கும். எழுதிப் பல வருஷம் ஆகிறது, இன்னும் ஓடுகிறது. அதைப் பார்த்துச் சிரிக்காத புது ஆள் இல்லை. சிரித்தவர்களில் அதைத் தொட்டவரும் இல்லை.

பிறகு ஒரு நாள் ஆலை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கிழங்குக் குவியலில் ஏறி நிற்கிறவர். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

“தெலகாம்மா, இனிமே நேரா வெவசாயிகிட்ட வாங்கப் போறேன். நடுவுல புரோக்கர் வேணாம். அவன் அங்கயும் அடிக்கிறான், இங்கயும் அடிக்கிறான். நாம போன்ல டோக்கன் அனுப்பணும். டோக்கன் வந்தாதான் கெழங்கு புடுங்கணும். கேட்ல லாரி க்யூ கட்டி நிக்கக் கூடாது.”

“புரோக்கரே நாலு பேர்ல பதிஞ்சிக்கினா?”

“அதுக்குத்தான் சொல்றேன். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். ஒரே நம்பர்ல நாலு பேரு வந்தா அது வெவசாயி இல்ல, புரோக்கரு. கேட்ல கையால என்ட்ரி போடற வேலையே இருக்கக் கூடாது. போட்டா ஏழுமலைய வந்து புடிப்பானுங்க.”

தனக்கு என்ன வேண்டும் என்ற ரிக்வயர்மென்ட்டை இப்படித் தெளிவாகச் சொல்கிற கஸ்டமர் கிடைப்பது அபூர்வம். மற்றவர்கள் “நல்லா இருக்கணும் மேடம்” என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். நான் அப்படியே எழுதிக்கொண்டேன். முதல் வரியே ‘ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்’தான்.

எனக்கும் குணாவுக்கும் சண்டை அதற்குப் பிறகு ஆரம்பித்தது. குணாவும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அன்று பாக்ஸ்ப்ரோவா சி-யா என்று ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. நடுவில் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்து அவர்களும் காலேஜுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீடுகளில் இதை யாரும் சண்டை என்றே எடுத்துக்கொள்வதில்லை.

நான் பிஹெச்பி-யில் எழுதலாம் என்றேன். எனக்குக் கை பழகியது, எந்தச் சாதாரண சர்வரிலும் ஓடும். குணா பைத்தானும், பாதி வேலை முடிந்தே வருகிற அதற்கான ஒரு ஃப்ரேம்வொர்க்கும் என்றான். ஃப்ரேம்வொர்க் பெயர் வேண்டாம். இப்போது எல்லோரும் அதைச் சொல்கிறார்கள், கொஞ்ச நாளில் வேறொன்றைச் சொல்வார்கள்.

“நாம ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு வந்து பாப்பாங்க? இங்க காலேஜ்ல எல்லாம் இப்ப பைத்தான்தான் சொல்லித் தராங்க. உன் பிஹெச்பி தெரிஞ்ச ஆள நீ சேலத்துல போயித் தேடணும்” என்றான்.

இந்த வாதம் சரியானது என்பதால் எனக்குக் கோபம் வந்தது. ஒரு மொழி வேகமா, அழகா என்பது பெரிய ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சு. எங்கள் மாதிரி ஊரில், நாளைக்கு அது நின்றுபோனால் பஸ் ஏறி வந்து பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நானே பல பேருக்குச் சொன்ன பாடம் அது. அதை என்னிடமே திருப்பிச் சொன்னான்.

அடுத்ததாக அவன் சொன்னதில்தான் நான் விழுந்தேன். “லாகின் எல்லாம் அதுல ரெடிமேடு, தெலகா. ஓடிபி, செஷன், யாரு உள்ள வரலாம், யாரு கூடாது, எல்லாம் இருக்குது. மொதலாளி கேக்கற ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் அதோட அஸ்திவாரத்துலயே இருக்குது. நாம எழுதவே வேணாம். ஒரே நம்பர ரெண்டாவது தரம் குடுத்தா அதுவே தொரத்திடும்.”

ரெடிமேடு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. சரி என்றேன். ஃப்ரேம்வொர்க்கின் கையேட்டைத் திறந்து அதற்கு என்னென்ன தேவை என்று பார்த்தோம். பைத்தானில் எந்தப் பதிப்பு, எந்த டேட்டாபேஸ், சர்வரில் எவ்வளவு மெமரி, எல்லாம் போட்டிருந்தது. எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தோம். அதில் போடாத தேவை ஒன்று இருந்தது. இதைப் பயன்படுத்துகிற மனுஷர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு போன் இருக்க வேண்டும், அது அவர் கையிலேயே இருக்க வேண்டும். அதை யாரும் கையேட்டில் எழுத மாட்டார்கள். எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் போன் இருக்கிறது.

3. பச்சை டிக்

பதிவு வேலைக்கு ஆலையின் ஃபீல்டுமேன்கள் ஊர் ஊராகப் போனார்கள். சங்கராபுரம் பக்கத்துச் சமவெளி ஊர்களில் வேலை சுலபமாக முடிந்தது. பெயர், ஊர், எத்தனை ஏக்கர், போன் நம்பர். ஓடிபி வரும், சொல்வார்கள், பச்சை டிக் விழும்.

மலையிலும் முடித்துவிட்டு வந்தார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே முடிந்தது. குணா முதலாளியின் மேஜையில் லேப்டாப்பை வைத்துக் காட்டினான். திரை முழுக்கப் பச்சை. ஒரு நம்பர்கூட இரண்டு தரம் இல்லை.

“ஒரு புரோக்கர் கூட உள்ள பூரல பாத்தியா” என்று முதலாளி ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்களுக்கு இனிப்புப் போண்டா வந்தது.

சீசன் ஆரம்பித்தது. முதல் நாள் மாலை எஸ்எம்எஸ்ஸில் டோக்கன் போகும். அதில் இருக்கும் லிங்க்கை இரவுக்குள் அழுத்தி ஏற்றுக்கொள்ள வேண்டும். அழுத்தாவிட்டால் ரத்து, அந்த இடம் அடுத்தவருக்கு. கேட்டில் க்யூ குறைந்தது. ஆலையைத் தாண்டிப் போகிற பஸ்காரர்கள்கூட ரோடு காலியாக இருக்கிறது என்றார்கள். தினமும் சில டோக்கன்கள் ரத்தாயின. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசு மாறியிருப்பார்கள், கூலிக்கு ஆள் கிடைத்திருக்காது என்று நினைத்தோம்.

4. கேட்டில்

குணாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஆலைக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு குட்டி லாரி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. சின்னப்பொண்ணு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். கைகளில் மண் காய்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி, பைக்கில் சாய்ந்துகொண்டு ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். நான் அவரைக் கவனிக்கவில்லை. ஏழுமலைதான் காதோடு சொன்னார்.

“புரோக்கருங்க. நேத்துலேந்து கேட்டுக்கினு இருக்கறாரு. காலைல ஒரு ரேட்டு சொன்னாரு, இப்ப அதவிடக் கம்மியா சொல்றாரு. சாயந்தரம் இன்னும் கம்மியா சொல்வாரு.”

“தெனமும் வர்றாரா?”

“டோக்கன் ரத்தான லோடு வந்தா வர்றாரு.”

குணா என்னைப் பார்த்தான். நான் லாரியைப் பார்த்தேன். புரோக்கரை வெளியே தள்ளுவதற்காக எழுதிய சாப்ட்வேர் அவருக்கு வாசலிலேயே கடை போட்டுக் கொடுத்திருந்தது.

சின்னப்பொண்ணிடம் போனேன். “ஏம்மா, மெசேஜ் வந்துச்சே. ஏத்துக்கலியா?”

“எனுக்கு எங்க வந்திச்சி? எனுக்கு போனே இல்லம்மா. ஊர்ல எல்லாரும் புடுங்குனாங்க, எனுக்கும் அன்னிக்கிதான்னு நெனச்சிக்கினு புடுங்கிட்டேன். ஒரே லாரிலதான் ஏத்துனோம், அவுங்க லோடு எல்லாம் உள்ள எறங்கிட்ச்சி. என்து மட்டும் இல்லன்னா எப்பிடி?”

“உங்க பேர்ல ஒரு நம்பர் இருக்குதே.”

“அது எம்புள்ள நம்பரு. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான்.”

அந்த நம்பருக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஷிப்டுக்குள் போகும்போது கம்பெனியில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். டோக்கன் போன அன்று இரட்டை ஷிப்டாம்.

நம்பரை மாற்றலாம் என்றால் பழைய நம்பருக்கு ஓடிபி போகும். அது திருப்பூரில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. டோக்கனைத் திரும்ப அனுப்பலாம் என்றாலும் அதே நம்பருக்குத்தான் போகும். கையால் என்ட்ரி போட வழியே இல்லாமல் எழுதியிருந்தோம். இதற்காக முதலாளி எங்களைப் பாராட்டியும் இருந்தார்.

அவர் சேலத்தில் இருந்தார். போனில் பிடித்தேன்.

“தெலகாம்மா, ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். இன்னிக்கி ஒரு லோடு வுட்டா நாளைக்கி பத்து லோடு வந்து நிக்கும். அந்தம்மாவப் பாத்தா எனுக்கும் பாவமாத்தான் இருக்குது. ஆனா வுட முடியாது.”

“சார், கேட்டுக்கு வெளிய புரோக்கர் பைக்கோட நிக்கிறாரு. நம்ம சிஸ்டம் வேணாம்னு தள்ற லோடு எல்லாம் அவருக்குத்தான் போவுது. சீசன் ஆரம்பிச்சதுலேந்து.”

 டிரைவரிடம் வண்டியை ஓரம் கட்டச் சொல்வது கேட்டது.

“சிஸ்டத்துல பதிஞ்ச ஆளா இருக்கணும். டோக்கன் இருக்கணும். அது ரெண்டும் இருந்தா எடை போடச் சொல்லு. அத எப்பிடிப் பண்ணுவியோ எனுக்குத் தெரியாது” என்று வைத்துவிட்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அவரைப் புதிதாகப் பதிய வேண்டும், இதுவரை சிஸ்டத்தில் இல்லாத ஒரு நம்பரில். ஏழுமலையின் நம்பர் எப்போதோ உள்ளே போயிருந்தது, குணா அதை வைத்துத்தான் டெஸ்ட் பண்ணியிருந்தான். அவன் நம்பரும் அப்படித்தான். என் நம்பரைச் சொன்னேன்.

“தெலகா, இனிமே சிஸ்டத்துல நீதான் சின்னப்பொண்ணு” என்றான் குணா.

“இருந்துட்டுப் போறேன். போடு.”

பக்கத்தில் நின்ற ஏழுமலையின் கம்ப்யூட்டரிலிருந்து என் கையில் இருந்த போனுக்கு ஓடிபி வந்தது. அதை வாய்விட்டுப் படித்தேன். ஏழுமலை அடித்தார். பச்சை டிக் விழுந்தது. அன்று ரத்தாகியிருந்த ஒரு இடத்துக்கு டோக்கன் வந்தது, அழுத்தினேன். கேட் திறந்தது. புரோக்கர் பல் குச்சியைத் துப்பிவிட்டுக் கிளம்பினார்.

லாரி எடை மேடையில் ஏறியது. என் பழைய விஷுவல் பேசிக் புரோகிராம் எதுவும் கேட்காமல் எடையைப் படித்தது. பிறகு பாயிண்ட் பார்க்கிற இடத்துக்கு மாதிரி எடுத்துப் போனார்கள். கிழங்கைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் அமுக்கி எடை பார்ப்பார்கள். மாவு ஜாஸ்தி என்றால் முள் ஒரு பக்கம், கம்மி என்றால் இன்னொரு பக்கம். சின்னப்பொண்ணு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஊர்க்காரர்களின் கிழங்குக்கு முந்தின நாள் வந்த பாயிண்ட் அவருக்கு வரவில்லை.

“ஒரே காடுதான். பக்கத்து வரப்பு” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

5. மலைமேல்

அந்த வாரமே நானும் குணாவும் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஜீப்பில் உள்ளே போனோம். குணா லேப்டாப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். வழியில் எங்கேயும் சிக்னல் இல்லை. அவன் போனை எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தான்.

அந்த ஊரில் சிக்னல் ஒரே இடத்தில்தான் வரும். அங்கே பொன்னுசாமி என்பவர் டீக்கடை வைத்திருந்தார். அல்லது டீக்கடை வைத்த இடத்தில் சிக்னல் வந்தது. ஒரு கழியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி அதற்குள் போனைத் தொங்கவிட்டிருந்தார். யாருக்குப் போன் வந்தாலும் அதற்குத்தான். எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பேரைச் சொல்லி ஒரு கத்து கத்துவார்.

“பதியறதுக்கு வந்தாங்களே, அன்னிக்கி எல்லாரும் என் நம்பரத்தாங்க குடுத்தாங்க” என்றார் பொன்னுசாமி. “மொத ஆளுக்கு எடுத்துக்கிச்சி. ரெண்டாவது ஆளுக்கு மாட்டேன்ட்டுது. வேற நம்பர் சொல்லு, வேற நம்பர் சொல்லுன்னாரு அந்த ஃபீல்டுமேன். அப்புறம் திருப்பூர்ல இருக்கற பசங்க, கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போன பசங்க, பெங்களூர்ல கொத்து வேலைக்கிப் போன மருமவன், அவுங்க நம்பர் எல்லாம் குடுத்தாங்க.”

“ஓடிபி?” என்றான் குணா.

“அவனுங்களுக்கு வந்திச்சி. அவனுங்க என் போனுக்கு அடிச்சி சொன்னானுங்க. நான் ஃபீல்டுமேன்கிட்ட சொன்னேன்.”

ஊரே சேர்ந்து எங்கள் சிஸ்டத்தின் நிபந்தனையை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை. நம்பர் கேட்டோம், நம்பர் கொடுத்தார்கள்.

“டோக்கன் வந்தா?” என்று நான் கேட்டேன்.

“அதே மாதிரிதாங்க. ஆலையிலேந்து திருப்பூருக்குப் போவும், திருப்பூர்லேந்து எனுக்கு வரும். அவன் பாத்தா சொல்வான். பாக்காங்காட்டி இல்ல.”

மலையடிவாரத்தில் இருக்கும் ஆலையிலிருந்து மலைக்குச் செய்தி போக வேண்டும். அது மேற்கே இன்னொரு மாவட்டத்துக்கோ, வேறு மாநிலத்துக்கோ போய்விட்டு இதே டீக்கடைக் கழிக்கு வந்துகொண்டிருந்தது.

குணா டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான். “இது டேட்டா தப்பு, தெலகா. கோடுல ஒண்ணும் தப்பில்ல” என்றான்.

“தப்பில்லதான்” என்றேன். பிஹெச்பி-யில் எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நான் கையால் எழுதியிருப்பேன், அதில் இருந்தது ரெடிமேடு. வித்தியாசம் அவ்வளவுதான். எந்த மொழி என்று நாங்கள் தொண்டை வற்றச் சண்டை போட்டபோது, ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் என்ற வரியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

சின்னப்பொண்ணு தண்ணீர்க் குடத்தோடு கடைப் பக்கம் வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

“அந்தக் காடு இன்னா ஆச்சிம்மா?” என்று கேட்டேன்.

“கொறையா குடுத்தா வுடுவாரா? அவுரு மச்சானுக்கு வுட்டுட்டாரு” என்றார். பிறகு பொன்னுசாமியிடம், “எம்புள்ள அடிச்சான்னா நான் வூட்லதான் இருக்கேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார். 

அன்று நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சாயந்தரம் டோக்கன்கள் வந்த பிறகு ஒரு லாரி டிரைவர் பொன்னுசாமிக்குப் போன் பண்ணி, மறுநாள் வண்டி மேலே வருகிறது என்றார். பொன்னுசாமி கத்தினார். அதுவரை எஸ்எம்எஸ் வந்தும் சும்மா இருந்தவர்கள் அப்போதுதான் கடப்பாரையையும் சாக்கையும் எடுத்தார்கள். எங்கள் டோக்கனை யாரும் நம்பிப் பிடுங்கவில்லை. லாரியை நம்பித்தான் பிடுங்கினார்கள். லாரி ஒருவருக்காக வருவதும் இல்லை, ஊருக்கு வருகிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஏற்றுகிறார்கள்.

இறங்கி வரும்போது ஜீப்பில் குணா சொன்னான்: “டோக்கன லாரிக்குக் குடுத்துட்டா ஆளுக்கு லாகினே வேணாமே.”

“வேணாம்.”

“அந்த ஃப்ரேம்வொர்க்க எடுத்ததே லாகினுக்குத்தானே.”

நான் வழியில் போகிற மரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பதில் சொல்லியிருந்தால் அடுத்த சண்டை ஜீப்பிலேயே ஆரம்பித்திருக்கும்.

6. இன்னும் ஒரு நம்பர்

அடுத்த சீசனுக்குள் குணா அதை மாற்றி எழுதினான், அதே பைத்தானில். எதற்காக அந்த ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தோமோ அந்தப் பகுதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டோம். இப்போது டோக்கன் ஊருக்கும் லாரிக்கும். யார் யார் ஏற்றுகிறார்கள் என்று ஊர்க்காரர்களே டிரைவரிடம் சொல்வார்கள். புரோக்கர் நுழையாமல் இருக்க, காட்டில் கிழங்கு நிற்பதை ஃபீல்டுமேன் நேரில் பார்த்திருந்தால் போதும். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை நம்பருக்கு வேண்டுமானாலும் செய்தி போகும், ஒரே நம்பர் எத்தனை ஊரிலும் இருக்கலாம். முதலாளி முதலில் முறைத்தார். கேட்டுக்கு வெளியே பைக் நிற்காததைப் பார்த்த பிறகு விட்டுவிட்டார்.

பழைய சிஸ்டத்தில் இருந்த நம்பர்களைத் தூக்கிப் போடாமல், அந்தந்த ஊருக்கான தகவல் நம்பராக மாற்றி வைத்தோம். அதனால் திருப்பூர்ப் பையன்களுக்கும் செய்தி போய்க்கொண்டிருந்தது.

சீசன் நடுவில் தேவையில்லாத நம்பர்களைக் கழிக்கலாம் என்று நான் ஒவ்வொன்றாகப் போன் பண்ணிக் கேட்டேன். எஸ்எம்எஸ்ஸுக்குச் செலவாகிறது. பெரும்பாலோர் நிறுத்திவிடச் சொன்னார்கள். சின்னப்பொண்ணு பெயரில் முதலில் பதிந்திருந்த நம்பருக்கும் போட்டேன். மகன் எடுப்பான் என்று நினைத்தேன். ஒரு பெண் குரல்.

“யாருங்க?”

“கள்ளக்குறிச்சியிலேந்து பேசறோம்மா. ஜவ்வரிசி ஆலை சாப்ட்வேர்…”

“ஓ, அந்த மேடமா. சின்னப்பொண்ணு பேசறேன்.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

“திருப்பூர்லதான். காடு இல்லன்னு ஆனப்புறம் அங்க இன்னா பண்றது? புள்ளையாண்ட வந்துட்டேன். பனியன்ல பிசிறு வெட்டற வேல. அவன் வேற போன் வாங்கிக்கினான், இத எனுக்குக் குடுத்துட்டான்.”

சிஸ்டத்தைத் திறந்து வைத்திருந்தேன். பெயர் சின்னப்பொண்ணு, பக்கத்தில் அந்த நம்பர், அதற்குப் பக்கத்தில் பச்சை டிக். பதிந்த அன்று பொய்யாக இருந்தது. இப்போது உண்மை. போன் அவருடையது, அவர் கையில் இருக்கிறது. ஃப்ரேம்வொர்க் கேட்டது அதைத்தான். இல்லாமல் போனது காடு மட்டும்தான்.

 வேலை விஷயமாகப் போன் செய்தவள் என்பதால், கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அந்தக் கெழங்கு மெசேஜ் உங்களுக்கு இன்னும் வருதாம்மா? நிறுத்திடட்டுமா?”

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“வேணாம்மா, வந்துக்கினு இருக்கட்டும். எங்க ஊர்ல நாளைக்கி புடுங்கறாங்கன்னு தெரியுது இல்ல. அது போதும்.”

நிறுத்தவில்லை.

இப்போது குணா மறுபடியும் எல்லாவற்றையும் வேறொரு ஃப்ரேம்வொர்க்கில் எழுத ஆரம்பித்திருக்கிறான். இதுவும் வேகமாம், இதிலும் நிறைய ரெடிமேடாம். நான் எதிர்ப்பது போல எதிர்த்துவிட்டுச் சரி என்றேன். மொழியில் அவ்வளவு விஷயம் இல்லை என்பது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆயிற்று. இப்போதெல்லாம் ரிக்வயர்மென்ட்டில் எந்த வரி ரொம்பத் தெளிவாக இருக்கிறதோ, அந்த வரியை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். அங்கே போய் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வந்தபிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

பழைய டேட்டாவைப் புதுசுக்கு மாற்றுவதற்கு முன்னால் போன வாரம் குணா ஒவ்வொரு டேபிளாகச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான். ஒரு வரியில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டான்.

“இந்த ஒரு ரோ எதுக்கு, தெலகா? காடு இல்ல, லோடு இல்ல, ஒண்ணுமே இல்ல. மெசேஜ் மட்டும் போய்க்கினு இருக்குது. எடுத்துடட்டுமா?”

“ரிக்வயர்மென்ட்ல இருக்குது” என்றேன்.

“எதுல? நான் பாக்கலியே.”

“இப்பதான் எழுதினேன்.”

அவன் பெயரைப் படித்தான். பிறகு அந்த ரோவை அப்படியே விட்டுவிட்டு அடுத்த டேபிளைத் திறந்தான்.